பெறாமக்கள் பேரவை

'நீலக் கிண்ணம்' என்ற தொடர் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தபோது இரவிச்சந்திரன் நித்திரையாயிருந்தான். அவனைக் குற்றம் சொல்ல ஏலாது. புவாண்ட்-கிளேரில் உறைந்த மீனும் இறைச்சியும் வைத்திருக்கிற குளிர்க்கிடங்கில் விடியப்புறம் தொடங்கிப் பெட்டி தூக்குகிற மனிதன், வீட்டுக்கு வந்து கதிரையில் குந்தினால் கண் தன்பாட்டில் மூடும். அவன் கண் மூடிக் கிடந்த நேரம் பார்த்து ஊர் முழுக்கப் பெரனாக்கனாகிவிட்டது.

சிங்கப்பூரில் எடுத்த தொடர். அந்தக்கால மலாக்கா. சீனத்திலிருந்து வந்த வியாபாரிகள் அந்த ஊர்ப் பெண்களைக் கட்டி, வாயில் மலாயும் சாமியறையில் சீனமும் சட்டியில் இரண்டுமாக வாழ்ந்த பெரிய வீடுகளின் கதை. அந்த மக்களுக்குத்தான் பெரனாக்கன் என்று பெயர். பெண்கள் 'கெபாயா' என்ற பூவேலைச் சட்டையும் இடுப்பில் சாரமும் உடுத்து, ஒருத்தியை ஒருத்தி நஞ்சு வைத்துக் கொல்வார்கள். கொல்லாத நாட்களில் பலகாரம் சுடுவார்கள். திரைக்குக் கீழே தமிழ் எழுத்து ஓடும். ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கிற சனம், அறியாத ஆளையும் மறித்து, "மூண்டாம் மருமகள் இந்தக் கிழமை தப்புவாளோ?" என்று கவலைப்பட்டது.

பதினோராம் பகுதியில் ஒரு தமிழர் வந்தார். கதவைத் தட்டினார். "வணக்கம்" என்றார். ஐயா வீட்டில் இல்லை என்று வேலைக்காரி சொன்னாள். திரும்பிப் போனார். தொடர் முடியுமட்டும் அந்த மனிதரைப் பிறகு காணவில்லை. ஆனால் அந்த ஒரு வணக்கமே போதும். வடதுருவத் தமிழ் மரபுப் பேரவை அவசரமாகக் கூடியது.

இந்தப் பேரவையைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழர் மரபு எங்கே ஆபத்தில் இருந்தாலும் அங்கே போய்ப் பொன்னாடை போர்த்துவது அதன் வேலை. முந்தி ஒருமுறை பனைமரம் ஆபத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தலைவரின் நிலக்கீழறையில் ஒரு பனங்கொட்டையை நட்டு, மேலே ரியூப்லைற் பூட்டினார்கள். கொட்டை முளைக்கவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் அதற்கு மாலை போட்டு, ஒருவர் உரையாற்றுவார்.

தலைவர் நல்லைநாதன். இரவியின் தகப்பனுக்கு மூத்தவர். ஆகவே இரவிக்குப் பெரியப்பா. இரவி அவருக்குப் பெறாமகன். தம்பியின் பிள்ளையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவது. அந்த முறையில்தான் ஒவ்வொரு மாரிக்கும் இரவி ஒரேஞ்ச் பாதை மெற்றோ பிடித்து லவாலுக்குப் போய், பெரியப்பா வீட்டு வாசலில் பனி தள்ளுவான். பெரியப்பா பெற்ற பிள்ளைகள் இரண்டும் டாக்குத்தர்மார். ஒன்று ரொறன்ரோவில், மற்றது வன்கூவரில். இரண்டுக்கும் முதுகு நோவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ரெலிபோன் எடுத்தார்.

"டேய் பெறாமகன், உன்ர மனுசி மலாக்கா எல்லே?"

"ஓம் பெரியப்பா. கலியாணத்துக்குச் சொன்னனே. நீங்கள்தான் அந்தப் பகுதியில பொம்பிளை எடுக்கக்கூடாது எண்டு கோவிச்சுக்கொண்டு…"

"அதை விடு. அவ பெரனாக்கனோ?"

"அது எனக்குத் தெரியாது. நில்லுங்கோ, கேட்டுச் சொல்லுறன்." இரவி குசினிப் பக்கம் திரும்பினான். "இந்திரா, நீ பெரனாக்கனோ?"

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த இந்திராதேவி, "ஓம். ஏன், விசாவில ஏதும் பிரச்சினையோ?" என்றாள்.

அவள் மலாக்காச் செட்டி. வெகு காலத்துக்கு முன் வியாபாரத்துக்குப் போன தமிழர் அங்கேயே பெண் எடுத்து, கோயிலையும் விபூதியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு பாஷையை மட்டும் தவறவிட்டார்கள். அவர்களுக்கும் பெரனாக்கன் என்றுதான் பெயர்; அவர்களின் வழி அவள். இரவி அகதியாக மலேசியாவில் மாட்டுப்பட்டுக் கிடந்த காலத்தில், ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கம் கோப்பை கழுவும்போது பக்கத்துத் தொட்டியில் கழுவியவள். தமிழை இரவியிடம்தான் பிடித்தாள். ஆனபடியால் அவள் பேசுவது சுத்த யாழ்ப்பாணம், முடிவில் மட்டும் ஒரு 'லா'. புருசனை அவள் 'அபாங்' என்பாள். அது அவர்கள் முறை.

முறை என்றதும்தான் ஞாபகம். எங்கள் சனத்துக்கு ஒரு ஆளைக் கண்டால் பெயர் கேட்கமுதல் முறை வேண்டும். அண்ணை, அக்கா, மச்சாள், மாமி என்று ஒன்றை ஒட்டினால்தான் கதை ஓடும். ஒட்டாத ஆளுக்கு வெறும் 'இஞ்சருங்கோ', இங்கே பாருங்கள் என்று. இந்திராதேவிக்கு வந்த நாள் தொட்டு 'இஞ்சருங்கோ'தான். முதுகுக்குப் பின்னால் 'மலாய்க்காரி'. பகல் அலுவலகங்கள் பூட்டினபிறகு நிலம் துடைக்கிற வேலை அவளுக்கு. அதைப் பற்றி ஒருநாளும் முறைப்பட்டவள் இல்லை. ஒரு கலியாண வீட்டிலிருந்து திரும்பி, சேலை ஊசியைக் கழற்றும்போது மட்டும் சொன்னாள்: "ஒராளாவது என்னை அக்கா எண்டு கூப்பிடலாம் லா. கூப்பிட்டா வாய் தேயுமோ?"

இரவி ஊசியை வாங்கி மேசையில் வைத்தான். அவன் பெட்டி தூக்குகிறவன். சொல்லை யாருடைய வாயிலும் தூக்கி வைக்க அவனால் முடியாது.

இப்போது பெரியப்பாவே கூப்பிடுகிறார், லவாலுக்கு, இரண்டு பேரையும்.

லவாலில் நல்ல கோப்பையில் தேத்தண்ணி வந்தது. இரவி அந்தக் கோப்பைகளைக் கண்ணாடி அலுமாரிக்குள் கண்டிருக்கிறானே தவிர, தொட்டதில்லை. பெரியம்மா பாலாம்பிகை கெபாயாவில் இருந்தார். காலுக்கு மேல் கால். பேரவையின் செயலாளர் ஹென்றி, மன்னார்ப் பக்கத்து மனிதர், குறிப்பெழுதப் பேனையோடு இருந்தார்.

"பெரனாக்கன் எண்டால் என்ன கருத்து? சும்மா பயப்பிடாமல் சொல்லும்," என்றார் பெரியப்பா.

"மலாயில அனாக் எண்டால் பிள்ளை," என்றாள் இந்திராதேவி. "வெளியில இருந்து வந்த ஆக்களுக்கு அங்கத்தை மண்ணில பிறந்த பிள்ளை. அப்பிடித்தான் அம்மா சொன்னவ."

பெரியப்பா கண்ணை மூடினார். கனநேரம் மூடியிருந்தார். இரவிக்குப் பயம் பிடித்தது. மனிதருக்குப் பிறசர் வேறு. திடீரெனத் திறந்தார்.

"பிள்ளை! மக்கள்! பெறா… மக்கள்! ஹென்றி, எழுதும். பெறாமக்கள், பெறமக்கள், பெரனக்கள், பெரனாக்கன்! கடல் கடந்து போன எங்கட பெறாமக்கள்தான் பெரனாக்கன் ஆனவை. மகரம் ஏன் னகரம் ஆனது? உப்புக்காத்து!"

"அப்ப சீனர்?" என்றார் ஹென்றி.

"அவையளும் எங்கட பெறாமக்கள்தான். அவைக்கு இன்னும் ஆரும் சொல்லேல்லை." பெரியப்பா இந்திராதேவியின் பக்கம் திரும்பி, கையை நீட்டினார். "இண்டையில இருந்து நீர் எங்கட பெறாமகள்."

ஹென்றி பேனையை நிறுத்தினார். "தலைவர், ஒரு சின்னச் சந்தேகம். இரவி உங்கட பெறாமகன். மனுசி பெறாமகள். அப்ப புருசனும் பெண்சாதியும் சகோதரம் எல்லே?"

"ஆராய்ச்சி எண்டால் அப்பிடிச் சிக்கல் வரும் ஓய். இஞ்சை, நீர் இவனை வீட்டில என்னெண்டு கூப்பிடுறனீர்?"

"அபாங்."

"கருத்து?"

"அண்ணன்," என்றாள் இந்திராதேவி.

"பாத்தீரோ!" என்றார் பெரியப்பா.

திரும்பி வருகையில் மெற்றோவில் இந்திராதேவி அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுப் புரட்டிக்கொண்டு வந்தாள். பெறாமகள். பெறாமகள். றகரம் அவளுக்கு இலேசில் வராது.

"அபாங், இதுக்கு என்ன கருத்து?"

"தான் பெறாட்டிலும் மகள்தான் எண்டு கருத்து."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுரங்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் இறங்குமட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். இனி மற்றவர்களும் ஏதோ ஒரு முறை சொல்லிக் கூப்பிடத்தானே வேண்டும், தலைவரே தொடங்கிவைத்துவிட்டாரே என்று அவள் நினைத்தது இரவிக்கு விளங்கியது. அவனும் அதைத்தான் நினைத்தான்.

தொடர் எடுத்த கம்பனி உலகமெல்லாம் ரசிகர் மன்றங்களை அங்கீகரித்துக்கொண்டிருந்தது. ஒரே நிபந்தனை: மன்றத்தில் ஒரு அசல் பெரனாக்கன் குடும்பமாவது இருக்கவேண்டும். வடதுருவத் தமிழ் மரபுப் பேரவை இந்திராதேவி தூரத்தில் நிற்கிற படம் ஒன்றை அனுப்பியது. அங்கீகாரம் வந்தது. இலையுதிர் காலத்தில் பெருவிழா, கம்பனியிலிருந்து ஒரு பிரதிநிதி நேரே வருவார், முன்வரிசையில் நடுக்கதிரை 'எங்கள் பெறாமகளுக்கு' என்று பெரியப்பா எல்லோருக்கும் முன்னால் சொன்னார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனியும் ஒத்திகை. பேரவையின் முதல் சுற்றறிக்கை, 'அனைவரும் சாரம், கெபாயா அணிந்து வருதல் கட்டாயம்' என்றது. கெபாயா என்னவென்று ஆண்களுக்குத் தெரியாது. சாரம் தெரியும். சனிக்கிழமை ஆண்கள் எல்லோரும் வீட்டில் படுக்கக் கட்டுகிற கட்டம்போட்ட சாரத்தோடு மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். இரவியும் அப்படித்தான். மெற்றோவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழும்பி இடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவன் என்று நினைத்திருப்பாள்.

"அது பெண்டுகள் கட்டுற சாரமடா!" என்று பெரியப்பா தலையில் அடித்தார்.

"ஆம்பிளையளின்ர சாரத்தை நாங்கள் கட்டிறதோ? செத்தாலும் மாட்டன்," என்று பின்வரிசையில் ஒரு பெண்குரல் எழுந்தது.

செயற்குழு மூடிய அறைக்குள் இருந்து ஆலோசித்தது. முடிவு பின்வருமாறு வந்தது: சாரம் பெரனாக்கன் மரபு; பெண்கள் சாரம் கட்டாமை தமிழ் மரபு; ஆகவே பெண்கள் காஞ்சிபுரச் சேலையைச் சாரத்தின் மனநிலையில் உடுக்கவேண்டும்.

அடுத்தது சாப்பாடு. இந்திராதேவி வீட்டில் பிளாச்சான் சம்பல் இடித்துக் கொண்டுவந்தாள். கூனி இறாலைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கினால் அதுதான் பிளாச்சான். மூடியைத் திறந்ததும் மண்டபத்தில் பாதிப்பேர் வாசலுக்குப் போனார்கள். மாசிக்கருவாட்டில் வளர்ந்த சனம் மூக்கைப் பொத்தியது. பேரவை உடனே ஒரு உபகுழுவை அமைத்தது. மணமில்லாத பிளாச்சான் செய்ய வழி உண்டா என்று உபகுழு ஆராய்ந்து, கூனி இறாலை விட்டுவிட்டால் மணம் வராது என்று அறிக்கை கொடுத்தது. மிஞ்சியது மிளகாயும் உப்பும். அதற்கு 'மரபுச் சம்பல்' என்று பெயர் வைத்தார்கள்.

"இது யாழ்ப்பாணத்துக் கட்டாச் சம்பல் லா," என்றாள் இந்திராதேவி.

"வாயை வைச்சுக்கொண்டு இரு," என்றான் இரவி. "கதிரை தாறதெண்டு சொல்லியிருக்கினம்."

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து இரண்டாவது தகவல் வந்தது. 'நீலக் கிண்ணம்' இரண்டாம் பாகத்தில் ஒரு விருந்துக் காட்சி. உலக மன்றங்களிலிருந்து அசல் பெரனாக்கன் குடும்பங்களைக் கூப்பிட்டு அந்த மேசையில் இருத்தப்போகிறார்கள். கமெரா அவர்களின் முகத்துக்கு நேரே ஒருக்கா வந்து போகும்.

அன்று பின்னேரம் பெரியம்மா பாலாம்பிகை கண்ணாடிக்கு முன்னால் கனநேரம் நின்றார். அடுத்தநாள் காலை பேரவையில் மரபுத் தகுதிகாண் சபை என்று ஒன்று உதித்தது.

"ஒரு சம்பிரதாயத்துக்கு. எங்கட பெறாமகளுக்குப் பயப்பிடாதையும் எண்டு சொல்லும்," என்றார் ஹென்றி, இரவியின் முகத்தைப் பாராமல்.

பரீட்சை லவாலில், நிலக்கீழறையில், மாலை போட்ட பனங்கொட்டைக்குப் பக்கத்தில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, பெரியம்மா, ஹென்றி. இந்தப் பக்கம் இந்திராதேவி தனிய. இரவிக்குப் படிக்கட்டில் இருக்க அனுமதி. கதைக்க அனுமதி இல்லை.

"முதலாம் கேள்வி," என்றார் பெரியம்மா. "மூண்டாம் மருமகள் எந்தக் கிண்ணத்தில நஞ்சு வைச்சவ?"

இந்திராதேவி யோசித்தாள். "எங்கட வீட்டில ஒருத்தரும் நஞ்சு வைக்கேல்லை."

"பிழை. நீலக் கிண்ணம். தொடரின்ர பேரே அதுதானே! பார்க்கிறேல்லையோ?"

"அந்த நேரம் நான் வேலை."

ஹென்றி ஒரு புள்ளடி போட்டார்.

"உங்கட வீட்டில எத்தினை வேலைக்காரர்?"

"அம்மாதான் வேலைக்காரி. வெளி வீடுகளில துணி தோய்ச்சவ."

"பெரனாக்கன் வீட்டில வேலைக்காரர் நிக்கவேணும். பிழை. பெரிய நோன்யா, அதுதான் வீட்டுக்காரி, கோவம் வந்தா என்ன செய்வா?"

"அம்மாவோ? அம்மா கோவம் வந்தா உடுப்புத் தோய்ப்பா."

"விசிறியை மடிப்பா. பிழை." பெரியம்மா ஒரு விசிறியை எடுத்து, டக் என்று மடித்துக் காட்டினார். பெரியப்பா கைதட்டினார்.

இப்படியே போனது. இந்திராதேவியின் தாய் சீனம் பேசவில்லை, பிழை. வீட்டில் முத்துவேலைச் சப்பாத்து இல்லை, பிழை. அம்மன் கோயிலில் தீ மிதித்த மாமன் இருந்தார், தொடரில் இல்லை, பிழை. கடைசியில் பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதில தனிப்பட்ட கோவதாபம் ஒண்டுமில்லை. நாங்கள் மரபைப் பாதுகாக்க வந்தனாங்கள். மரபுக்குள்ள பிறந்தவை எண்டதுக்காக ஆரையும் உள்ளுக்கு விட ஏலாது. அப்பிடி விட்டால் பேந்து பேரவை எதுக்கு?"

"முடிவு?" என்றான் இரவி படிக்கட்டிலிருந்து.

"விழாவில அறிவிக்கப்படும்."

விழாவன்று காலையிலேயே பார்க் எக்ஸ்ரென்சனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம் நிரம்பி வழிந்தது. இந்திராதேவி கெபாயாவும் சாரமும் உடுத்தியிருந்தாள். மலாக்காவிலிருந்து கொண்டுவந்தது, நிறம் கொஞ்சம் வெளிறிவிட்டது. வாசலில் ஒரு பெண் மறித்தாள். றொசானா என்று பெயர். இந்திராதேவியைவிட இளையவள், சாப்பாட்டுக்குப் பொறுப்பு, கழுத்தில் அட்டை தொங்கியது.

"இஞ்சருங்கோ, நீங்கள் குசினிக்கு."

"எனக்கு முன்னுக்குக் கதிரை எண்டு…"

"எனக்குத் தெரியாது. தலைவர் சொன்னவர், குசினிதான் பெரனாக்கன் வீட்டின்ர கருவறையாம். உங்களை அங்க விடட்டாம். கெதியா வாங்கோ, பாத்திரம் குவிஞ்சு கிடக்கு."

இந்திராதேவி இரவியைப் பார்த்தாள். இரவி, "கொஞ்ச நேரத்துக்காக்கும். கூப்பிடுவினம்," என்றான். அவள் போனாள். பின்னேரமாகியும் அவள் பாத்திரம் கழுவுகிற தொட்டியை விட்டு நகரவில்லை. குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சாப்பாடு கொடுக்கிற யன்னல் ஒன்று. அதற்குள்ளால் அவளின் கொண்டை மட்டும் தெரிந்தது.

கம்பனிப் பிரதிநிதி ஜெசிக்கா வந்து இறங்கினாள். சிங்கப்பூர்ச் சீனப்பெண். தமிழ் தெரியாது. பெரியப்பா பொன்னாடை போர்த்தினார், ஹென்றி போர்த்தினார், பனங்கொட்டையின் சார்பிலும் ஒன்று போர்த்தப்பட்டது. பிறகு பெரியப்பா தன் மனைவியைக் கைபிடித்து மேடைக்கு ஏற்றினார்.

"எங்கள் பேரவையின் அசல் பெரனாக்கன் குடும்பம்!" என்று ஹென்றி ஒலிபெருக்கியில் அறிவித்தார். அறிவித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

ஜெசிக்கா கும்பிட்டாள். பெரியம்மாவிடம் அன்பாகக் குனிந்து, மலாய் முறைப்படி, "அப்பா கபார்?" என்றாள். சுகமா என்று கேட்டாள்.

பெரியம்மாவுக்கு அப்பா விளங்கியது. கபரும் விளங்கியது, ஊரில் சோனகருடைய மையவாடியில் புதைகுழிக்குச் சொல்லுகிற சொல்தானே.

"இல்லை பிள்ளை," என்றார் பெரியம்மா, கண் கலங்க. "அப்பாவைப் புதைக்கேல்லை. எரிச்சது."

ஜெசிக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணீர் பிடித்துப்போய்விட்டது. கட்டியணைத்தாள். இப்படியொரு முகத்தைத்தான் விருந்துக் காட்சிக்குத் தேடியதாக ஆங்கிலத்தில் சொன்னாள். மண்டபம் கைதட்டியது. அந்தச் சத்தத்துக்குள், குசினி யன்னலில் இந்திராதேவி தன்பாட்டில் "கபார் பாயிக்," என்று மறுமொழி சொன்னதை, பக்கத்தில் போய் நின்ற இரவி மட்டும் கேட்டான். சுகம்தான் என்று அர்த்தம்.

இரவி நடுவழியால் நடந்து மேடைக்குக் கீழே போய் நின்றான். அவனுக்கு மேடை பழக்கமில்லை. குரல் கிடங்குக்குள் கூப்பிடுகிற மாதிரி வந்தது.

"பெரியப்பா! இந்திராவுக்கு எந்தக் கதிரை?"

ஒலிபெருக்கி பெரியப்பாவின் கையில் இருந்தது. அது கையில் இருந்தால் அவருக்குச் செந்தமிழ் வந்துவிடும்.

"அன்பார்ந்த பெரனாக்கப் பெருங்குடி மக்களே! ஒரு நல்ல வினா எழுந்துள்ளது. எமது தகுதிகாண் சபையின் தேர்வில் அந்த அம்மையார் சித்தியடையவில்லை என்பதை மிகுந்த பெருமிதத்துடன், மன்னிக்கவும், வருத்தத்துடன் அறியத்தருகிறேன். பெறாமகள் ஆயிற்றே என்று சிலர் கேட்கலாம். சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பெறா என்றால் என்ன? பெறாத! பெறாதவள் எங்ஙனம் மகளாவாள்? பெறாதவன் எங்ஙனம் மகனாவான்? பெறாமக்கள் என்போர் மக்கள் அல்லாதோர் என்று எமது ஆய்வுக்குழு இன்று காலை, தேநீர் இடைவேளையின்போது, ஏகமனதாகக் கண்டுபிடித்திருக்கிறது. ஒருவரை மகன் என்று சொல்வது ஒரு வசதிக்காக. அதை அவர்கள் நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டால், அதற்குப் பேரவை பொறுப்பல்ல!"

நல்ல ஏற்ற இறக்கத்தோடு சொன்னபடியால் சனம் கைதட்டியது. தட்டி முடிந்தபிறகுதான் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த மண்டபத்தில் பாதிப்பேர் யாருக்கோ பெறாமக்கள். மற்றப் பாதி அவர்களின் பெரியப்பாமாரும் சித்திமாரும். பனி தள்ளியவர்கள், செத்தவீட்டில் சவம் தூக்கியவர்கள், கலியாணவீட்டில் வாழைக்குலை கட்டியவர்கள் எல்லாம் அந்தச் சொல்லுக்குள்தான் இருந்தார்கள். அந்தச் சொல்லை இரவி இதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. வீட்டுக் கதவை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

விருந்து முடிந்தது. ஜெசிக்கா போனாள். தேவாலயத்துக் காவல்காரன் திறப்புக்கோர்வையோடு வந்து, "வித், வித்!" என்று பிரெஞ்சில் அவசரப்படுத்தினான். கதிரைகள் அடுக்காமல் யாரும் வெளியே போக ஏலாது. அது மண்டபத்து விதி.

பெரியப்பா வழக்கப்படி கையை உயர்த்தினார். "டேய் பெறாமகன், பெடியளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கதிரையளை ஒருக்கா அடுக்கு."

இரவி அசையவில்லை. "நீங்கள் பெத்ததுகளைக் கூப்பிடுங்கோ, தலைவர் ஐயா."

பெரியப்பா என்ற சொல்லை விட்டு இரவி அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. பக்கத்தில் இருந்த ஒருவன் தூக்கிய கதிரையைத் திரும்பக் கீழே வைத்தான். இன்னொருவன் அதில் குந்தினான். கொஞ்ச நேரத்தில் ஒருவரும் ஒன்றையும் தூக்கவில்லை. பெரியப்பா தானே ஒரு கதிரையை மடிக்கப் பார்த்து விரலை நசித்துக்கொண்டார். ஹென்றி சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் பாவனைமுறையை வாசித்துக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று இரவி நினைத்தான்.

பெரியப்பா ஒலிபெருக்கியைத் திரும்ப எடுத்தார்.

"பேரவை யாப்பில் தலைவருக்குள்ள விசேட அதிகாரத்தின் கீழ், கதிரைகள் அடுக்கி முடியும்வரை பெறாமக்கள் அனைவரும் மக்கள் என இத்தால் பிரகடனப்படுத்தப்படுகிறது!"

சனம் எழும்பியது. பாவம், எழும்பாமல் என்ன செய்யும்? மக்கள் என்று மைக்கில் சொல்லியாயிற்று. ஒருவன் போகிறபோக்கில் இரவியின் தோளில் தட்டி, "விடு அண்ணை, பெரிய மனுசர். நாளைக்கும் முகத்தில முழிக்கவேணும்," என்றான். கதிரைகள் டக் டக்கென்று மடிந்தன.

இந்திராதேவி குசினியிலிருந்து வெளியே வந்தாள். கை ஈரமாக இருந்தது. ஒருவரையும் பாராமல் நேரே நடந்து, முன்வரிசையில் நடுக்கதிரையில் போய் இருந்தாள்.

"கேட்டியோ?" என்றான் இரவி.

"யன்னல் திறந்துதானே கிடந்தது." ஈரக்கையைச் சாரத்தில் துடைத்தாள். "காலமை துடக்கம் நிக்கிறன் அபாங். ஒருக்கா இருந்திட்டு வாறன்."

இரவி பக்கத்தில் நின்றான். அவளைச் சுற்றி வரிசைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பின்வரிசை, நடுவரிசை, இரண்டு பக்கமும். வெறும் நிலத்துக்கு நடுவில் அவள் மட்டும் முதுகு நிமிர்த்தி, காலி மேடையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். காவல்காரன் விளக்குகளை அணைக்கத் தொடங்கினான். பெரியப்பா வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். அவளிடம் போக அவருக்குக் கால் வரவில்லை. றொசானாவுக்குக் கண் காட்டினார்.

றொசானா தன் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ் போய்விடும் என்ற அந்தரம் அவள் முகத்தில் இருந்தது. குனிந்து, இந்திராதேவியின் தோளைத் தொட்டாள்.

"அக்கா," என்றாள். குரல் இதமாகத்தான் இருந்தது. "அக்கா, ஒருக்கா எழும்புங்கோ. இந்தக் கதிரை ஒண்டுதான் மிச்சம்."

இந்திராதேவி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருசமாக அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்தவள், கேட்டவுடனே எழும்பிவிட்டாள்.